டிரானெகேர் விதி

எங்கள் படிப்புக் குழுவின் விதியை எழுதியவள் நான்தான். பொதுக் குறிப்பேட்டில் ஒருவர் ஒரு பக்கம் சேர்த்தால், மற்ற இருவரும் அதைப் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பக்கம் ஏறும். மென்பொருள் செய்கிறவர்கள் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் மறுபார்வை பார்ப்பது போல. தப்புச் செய்து மாட்டிக்கொள்கிறவர் அடுத்த கூட்டத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது ஃப்ளெமிங் சேர்த்தது. அவருடைய பஸ் டிப்போவில் அதற்குப் பெயரே சொதப்பல் கேக்.

குழுவில் மூன்று பேர். நான் பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். உல்ரிக்கே பூச்செடிப் பண்ணை ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கிறாள். ஃப்ளெமிங் ஓடென்ஸிலிருந்து ஸ்வென்போர்க்குக்கு பஸ் ஓட்டுகிறார். நாற்பத்தெட்டு வயது, முதுகு போய்விட்டது. மென்பொருள் பொறியியல் தேர்வில் தேறினால் ஆகஸ்டிலிருந்து கால அட்டவணை நிரலைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் அவருக்கு இடம் உண்டு. தேறாவிட்டால் அதே ஓட்டுநர் இருக்கை. ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். அவர் இரண்டைச் செலவழித்துவிட்டார். முதல் முறை வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தார், இருபது நிமிடமும் பஸ்ஸைப் பற்றியே பேசினார்.

எழுதுவது என்றேனே தவிர, தேர்வு வாய்மொழிதான். பதினான்கு தலைப்புகள், மேசையில் கவிழ்த்து வைத்த பதினான்கு சீட்டுகள். ஒன்றை எடுத்து, ஆசிரியர் ஸ்டீனுக்கும் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் முன்னால் பேச வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சோதனை முறைகளைப் பற்றி பதினொரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஃப்ளெமிங்கின் ஒப்புதல் நாற்பது நொடியில் வந்தது. உல்ரிக்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள், அதிலும் அவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. நான் நேரங்களை நாட்குறிப்பில் குறித்து வந்தேன். ஒருவேளை என் எழுத்து அவ்வளவு தெளிவோ என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று மறுநாள் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பாடத்திலேயே வழி இருந்தது. சோதிக்கிறவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை விதைத்து வைப்பார்கள். நானும் விதைத்தேன். ஒன்பதாம் தலைப்பு மறுபார்வை. அதில் இரண்டாம் பத்திக்குக் கீழே இப்படிச் சேர்த்தேன்: டிரானெகேர் விதி, 1978. மறுபார்வைக் கூட்டத்தில் நான்கு பேர் வரை ஆள் கூடக் கூடப் பிழைகள் அதிகம் பிடிபடும். ஐந்தாவது ஆள் கேக்கை மட்டுமே பார்ப்பார்.

டிரானெகேர் என்று யாரும் இல்லை. அது ஒரு சாலைப் பலகையில் பார்த்த ஊர்ப் பெயர். ஃப்ளெமிங் முப்பத்தெட்டு நொடியில் ஒப்புதல் கொடுத்தார். உல்ரிக்கே கட்டைவிரல் படம் போட்டு, "சூப்பர்டி" என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் இருவரையும் நிறுத்தி உண்மையை உடைத்து, இரண்டு கேக் வாங்குவது என் திட்டம். ஆனால் அந்த வகுப்பிலேயே ஸ்டீன் மறுபார்வையைப் பற்றிக் கேள்வி கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஃப்ளெமிங் கை தூக்கினார். டிரானெகேர் விதியை வருடத்தோடு சொன்னார். ஸ்டீன் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, ஆமாம், அப்படியும் ஒரு கோணம் இருக்கிறது என்று தலையாட்டினார். ஃப்ளெமிங்கின் காது வரை சிவந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை சொல்லலாம் என்று நாட்குறிப்பில் எழுதினேன். வியாழனன்று பின் வரிசைக்காரர்கள் எங்கள் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வகுப்பில் பத்தொன்பது பேரில் பதினோரு பேரிடம் டிரானெகேர் இருந்தார். ஒருவன் அவரை நார்வேக்காரர் என்றான். நான் நூலகத்துக்குப் போய், அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்துவிட்டாரோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜூன் பதினோராம் தேதி, தேர்வின் முதல் நாள். ஃப்ளெமிங்குக்குப் பத்து இருபது, எனக்குப் பத்து ஐம்பது. உல்ரிக்கேக்கு மறுநாள். நடைபாதையில் ஃப்ளெமிங் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து, ஒரு சிறிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அட்டையில் ஒரே ஒரு வரி. எந்தச் சீட்டு வந்தாலும் சுற்றி வளைத்து டிரானெகேரில் போய் இறங்கிவிடப் போவதாகச் சொன்னார். மற்றதெல்லாம் மண்டையில் நிற்கவில்லையாம், அது மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறதாம்.

மணி பத்து பதினான்கு. சொல்லிவிட்டேன், நான் குறித்து வைத்த நொடிக்கணக்கு உட்பட.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பது போல.

"அப்ப டிரானெகேர்னு ஒரு ஆளே இல்லையா?"

"இல்ல."

"எழுபத்தெட்டு?"

"எங்கப்பா பொறந்த வருஷம். சும்மா போட்டேன்."

"கேக்கு?"

"அதுவும் நான்தான். மன்னிச்சிருங்க ஃப்ளெமிங். நீங்க படிக்கிறீங்களான்னு பாக்கத்தான்..."

"ஏம்மா கணக்குப்பிள்ள, படிச்சிருந்தா நான் ஏன் மூணாவது தடவ இங்க வந்து உக்காந்திருக்கேன்?" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. பிறகு மெதுவாக, "ஆனா அந்த விதி சரிதான்மா. எங்க டிப்போ மீட்டிங்ல அஞ்சாவது ஆளு நான்தான். கேக்கத் தவிர எதையும் பாத்ததில்ல," என்றார்.

கதவு திறந்தது. ஸ்டீன் அவர் பெயரைச் சொன்னார். ஃப்ளெமிங் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த இருபது நிமிடத்துக்கு என் நாட்குறிப்பில் ஒன்றுமில்லை. ஒரு மனிதனுடைய கடைசி வாய்ப்பில், அவர் பிடித்து நின்ற ஒரே கம்பியை நான் பிடுங்கிவிட்டேன். பிடுங்காமல் விட்டிருந்தாலும் கெடுதல்தான். எது குறைந்த கெடுதல் என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தேர்வாளராகத்தான் இருக்க வேண்டும். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியவில்லை.

மதிப்பெண் முடிவாகும் வரை வெளியே இருக்கும்படி அவரை அனுப்பினார்கள். சட்டை முதுகு நனைந்திருந்தது.

"என்ன சீட்டு வந்துச்சு?"

"ஒம்போது."

நான் டிரானெகேரை விதைத்த அதே தலைப்பு.

"மறுபார்வைன்னா என்னன்னு கேட்டாங்க. அது எப்படிக் கெட்டுப்போகும்னு எனக்கு நல்லாத் தெரியும்னேன். நடந்தத அப்படியே சொல்லிட்டேன். முப்பத்தெட்டு செகண்டு, கட்டவிரலு, அந்தப் பதினோரு பேரு, எல்லாம். ஸ்டீன் தலையாட்டுனத மட்டும் சொல்லல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உன் பேரச் சொல்லிட்டேன்மா."

அவரை மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு நிமிடத்தில் வெளியே வந்து, இரண்டு கைகளையும் விரித்து பத்து விரலையும் காட்டினார். எங்கள் மதிப்பெண் வரிசையில் பத்துக்கு மேல் பன்னிரண்டு மட்டும்தான் இருக்கிறது; பத்துக்குக் கீழே ஏழு, அதற்கும் கீழே நான்கு. பிறகு முதுகுவலியை மறந்து குனிந்து என்னைத் தூக்கிவிட்டு, உடனே ஞாபகம் வந்து இறக்கிவிட்டார்.

எனக்கு நான்காவது சீட்டு வந்தது, தேவைகளைத் திரட்டுதல். ஒழுங்காகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நிமிடம் மிச்சமிருந்தபோது தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு, "டிரானெகேர் விதியக் கொஞ்சம் சொல்லுங்க, கேப்போம்," என்றார். ஸ்டீன் ஜன்னலைப் பார்த்தார்.

சொன்னேன். பரீட்சை மேசையில் அது இன்னும் முட்டாள்தனமாக ஒலித்தது. விதைத்தவர் என்ன செய்ய மறந்தார் என்று அடுத்துக் கேட்டார். எந்த நாளில், எந்தப் பக்கத்தில், யார் எத்தனை நொடியில் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தேன், விதைத்த பிழையை எப்போது எடுப்பது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை என்றேன். அவர் பேனாவை மறுபடி திறந்து அதை எழுதிக்கொண்டார். ஏழு கிடைத்தது. அந்தப் பதில் இல்லாவிட்டால் நான்கு வந்திருக்குமோ, பத்து வந்திருக்குமோ, இன்றுவரை தெரியவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொதப்பல் கேக்குக்கு அடுப்பைப் போட்டேன். தேங்காயையும் பழுப்புச் சர்க்கரையையும் உருக்கி மேலே ஊற்றும் கேக். பெரிய தட்டாகச் செய்தேன், தப்பும் பெரிதுதானே. அது வேகும் நேரத்தில் பின் வரிசைக்காரர்களுக்கு டிரானெகேர் பொய் என்று செய்தி அனுப்பிவிட்டு, ஒன்பதாம் தலைப்பிலிருந்து டிரானெகேரை நீக்கி, முறைப்படி ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

ஃப்ளெமிங்கின் ஒப்புதல் ஒன்பது நொடியில் வந்தது.

உல்ரிக்கேயிடமிருந்து பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு எங்கள் குறிப்பேட்டின் சரித்திரத்திலேயே முதல் மறுப்பு வந்தது. "இத ஏண்டி எடுக்கற? நாளைக்கு எனக்குப் பரீட்ச. மொத்தக் குறிப்புலயும் எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான். எடுக்கணும்னா ஆதாரம் காட்டு."

நேரத்தைக் குறித்துக்கொண்டு அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.