கறுப்புக்கும் கறுப்புக்கும் பிறந்த நீலம்

என் கறுப்பு முயலுக்கு மாமியார் என்று பெயர் வைத்தவன் என் தம்பி. தீவனம் போட்டாலும் முறைக்கும், போடாவிட்டாலும் முறைக்கும். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு வாய்த்த ஒரே மாமியார் அதுதான். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கப் பேசுகிறேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு மொட்டைமாடியில் மாமியார் மட்டும். இன்று காலை அது கூண்டில் செத்துக் கிடந்தது.

ஈனுவதற்காக வைத்த மரப்பெட்டியில் வைக்கோல் இருந்தது. அதன்மேல் மாமியார் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் பரப்பிய ரோமம். கையை உள்ளே விட்டேன். கதகதப்பாக ஏதோ நெளிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஐந்து குட்டிகள், கண் மூடி, ரோமமில்லாமல், கட்டைவிரல் அளவில். மூன்றுக்குத் தோல் கன்னங்கரேல். இரண்டுக்கு மட்டும் மழைமேகச் சாம்பல். முயல் வளர்ப்பவர்கள் அந்த நிறத்தை நீலம் என்பார்கள். தாய் பக்கத்தில் விறைத்துக் கிடக்கும்போது நான் செய்த முதல் காரியம், சிரித்தது.

அதற்குக் காரணம் உண்டு. தம்பியும் நானும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் மாமியாருக்கு ஒரு நீலக் குட்டி பிறந்தது. தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. அடுத்த மாடிக்காரர் அப்போது ஒரு நீல ஆண் முயல் வளர்த்தார். நான்தான் கூண்டுக் கதவைத் திறந்துபோட்டேனாம், அது தாவி வந்துவிட்டதாம், இப்போது பூசி மெழுகுகிறேனாம், தம்பி சொன்னான். மூடினேன் என்றேன். கறுப்புக்கும் கறுப்புக்கும் நீலம் எப்படிப் பிறக்கும் என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஆனால் மூடினது மூடினதுதான். பேச்சு முற்றி, வேண்டாத இடத்துக்கெல்லாம் போனது. கடைசியில், "முயலை விட்டா உனக்கு யார் இருக்கா?" என்றான். அது உண்மை என்பதால்தான் இன்றைக்கும் வலிக்கிறது. கொஞ்ச நாளில் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டான். போகும்போது மருமகள் என்ற சின்னக் கறுப்பையும், மாமியாரின் முந்தைய ஈற்றில் பிறந்த கறுப்பு ஆண் ஒன்றையும் கொண்டுபோனான்.

பிறகு புத்தகம் வாங்கிப் படித்தேன். கறுப்பை வெளிறச் செய்யும் மரபணு ஒன்று இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வந்தால்தான் குட்டி நீலமாகும். ஒன்று மட்டும் வந்தால் முயல் சாகும்வரை கறுப்பாகவே திரியும், உள்ளே இருப்பதைக் காட்டிக்கொள்ளாது. அப்படிப்பட்ட இரண்டு கறுப்புகள் சேர்ந்தால் நாலுக்கு ஒன்று நீலமாகலாம். ஆகலாம், அவ்வளவுதான், பிறந்தே தீரும் என்று எந்தப் புத்தகமும் எழுதித் தரவில்லை. புத்தகத்தை அவனிடம் காட்டியிருக்கலாம். புத்தகத்தில் ஆயிரம் எழுதுவான் என்று உதட்டைப் பிதுக்குவான். கையில் குட்டியைக் கொண்டுபோய் மூக்கை உடைக்க வேண்டும் என்றிருந்தேன். தெருக்கோடி வீட்டில் வளரும் அதே கறுப்பு ஆணோடு மாமியாரை வருஷம் ஒருமுறை சேர்த்தேன். எல்லாம் கறுப்பாகவே பிறந்தன, வளர்ந்ததும் கொடுத்துவிட்டேன். வயதாகிவிட்டது, இனிமேல் ஈன விடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று நினைத்தேன். அந்த ஒரு தடவைதான் இது.

குட்டிகளின் வயிறு ஒட்டிக் கிடந்தது. சொட்டுக்குழாயில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தேன். பால் மூக்கில் ஏறித் தும்மியதுதான் மிச்சம். மருத்துவரைக் கூப்பிட்டேன். இவ்வளவு சின்னதைக் கையால் ஊட்டிப் பிழைக்கவைப்பது கஷ்டம், இப்போதுதான் ஈன்ற வேறு தாய் இருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இருந்தால் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழை ஓய்ந்து வரும் முதல் ஞாயிறன்று மாமியாரையும் மருமகளையும் ஒரே நாளில் ஆணோடு சேர்ப்போம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஈனும். ஒன்றுக்குப் பால் இல்லாவிட்டால் குட்டிகளை மற்றதிடம் மாற்றிவிடலாம். ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறும் ஜென்மங்கள், குட்டி விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்காது. தம்பி போன பிறகும் நான் அதே ஞாயிறில்தான் சேர்த்தேன். ஒற்றைத் தாயை வைத்துக்கொண்டு அந்த நாளுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. கை பழகிவிட்டது. அவன் கையும் பழகியிருந்தால் குட்டிகள் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

மாமியாரை ஒரு துண்டால் மூடிவிட்டு, காலணிப் பெட்டியில் ரோமத்தோடு குட்டிகளை வைத்து, அடியில் வெந்நீர்ப் புட்டி ஒன்றைச் செருகிக் கிளம்பினேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். என் நிலையத்தில் இன்று வேறு யாரோ அறிவித்துக்கொண்டிருந்தாள். வழி நெடுக ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்: "இப்போ எந்தக் கதவுடா திறந்திருந்துச்சு?" பிச்சை கேட்கப் போகிறவள் இப்படிப் பேசக்கூடாது என்று தெரியும். ஆனாலும் அதை விட மனசில்லை.

கதவைத் திறந்தது அவன் மனைவி. கல்யாணத்தன்று பார்த்த முகம். உள்ளே வாங்க அண்ணி என்றாள். தம்பி பின்னால் வந்து நின்றான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், வேலைக்குக் கிளம்பின சட்டையோடு இருந்தான். நான் பெட்டியை நீட்டினேன்.

"மாமியார் போயிடுச்சு. மருமகள் குட்டி போட்டுடுச்சா?"

"நேத்து," என்றான்.

பெட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் இருந்த முயல் கொட்டகைக்கு நடந்தான். வழியிலேயே குட்டிகளைத் தொட்டுப் பார்த்தான். நீலத்தில் ஒன்று சில்லிட்டு அசையாமல் இருந்தது. செத்துவிட்டது என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி அதை வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டான். சூடாகிற வரைக்கும் எந்தக் குட்டியையும் செத்தது என்று சொல்லக்கூடாது. அதுவும் எங்கள் பழைய சட்டம்தான்.

மருமகளை வெளியே எடுத்துப் புல்லுக்கட்டின் முன்னால் விட்டான். என் குட்டிகளை அதன் ரோமத்தில் புரட்டி, அதன் குட்டிகளுக்கு அடியில் செருகினான். வாசனை தெரியாமலிருக்க அதன் மூக்கில் வெனிலா எசன்ஸ் ஒரு துளி தடவினான். எங்கள் பழைய முறையில் ஒன்றுமே மாறவில்லை. நான்தான் வேடிக்கை பார்ப்பவளாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் ஏதோ துடிக்க, அவன் முக இறுக்கம் தளர்ந்தது. என் வாக்கியத்தைச் சொல்ல அதுதான் சரியான சமயம் என்று பட்டது.

"நிறத்தைப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"அப்பன் அதே கறுப்புதான். அடுத்த மாடிக்காரர் காலி பண்ணிப் போய் ரொம்ப நாளாச்சு."

அவன் கொட்டகையின் மூலையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கடைசிக் கூண்டில் நன்றாக வளர்ந்த நீல முயல் ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது.

"எங்க வாங்கினே?"

"வாங்கல. மருமகளுக்குப் பொறந்தது. இங்க வந்த முதல் ஈத்துல."

"அப்பன்?"

"மாமியாரோட பையன்தான். வேற ஆணே இங்க கிடையாது."

கறுப்புக்கும் கறுப்புக்கும். அப்படியானால் அவனுக்கு எப்போதோ தெரியும். நான் மாமியாரை மறுபடி மறுபடி ஆணிடம் விட்ட அத்தனை தடவையும் அந்த நீலம் இங்கே புல் தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட, உடம்பெல்லாம் சோர்ந்து வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"வந்தேன்க்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். உன் குரல் கேட்டுச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முயல் பூனை மாதிரி குட்டிகளோடு படுத்துக்கிடக்காது. விடியலிலோ அந்தியிலோ ஒரு தரம் வந்து நின்று பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அவன் வேலைக்குப் போகவில்லை. அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் மரியாதையாகவே செய்தாள். விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்குமுன் மருமகள் பெட்டிக்குள் தாவியது, மோந்தது, அசையாமல் நின்றது. அது வெளியே வந்ததும் தம்பி ஒரு நீலக் குட்டியை எடுத்து என் உள்ளங்கையில் மல்லாத்தினான். வயிறு உருண்டிருந்தது. மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது.

அடையாளத்துக்கு என் குட்டிகளின் காதில் மைப் பேனாவால் பொட்டு வைத்தான். பால் மறக்கும்வரை அவை அங்கேதான் இருக்க வேண்டும். வாசலில் நின்று, "மை ரெண்டு மூணு நாள்ல அழிஞ்சிடும். எது எதுன்னு எனக்கு ஞாபகம் இருக்காது, நீதான் வந்து வைக்கணும்," என்றான். எதையும் மறக்காதவன். காலிப் பெட்டியோடு பேருந்து ஏறினேன்.

வீட்டுக்கு வந்து நேரே மாடிக்குப் போனேன். துண்டு போட்டபடியே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதை விலக்கினேன். நாள் முழுக்க யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, மாமியாரிடம்தான் சொன்னேன்.

"அவனுக்கு முன்னாடியே தெரியுமாம். நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாம்."

மாடியில் இருந்த பெரிய பூந்தொட்டியின் மண்ணைத் தோண்டி அதைப் புதைத்தேன். பிறகு காலிக் கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டி, வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். மூடியிருந்தது.