கிள்ளான் கணினியின் முகவரி

கிள்ளான், செமினி, ஸ்ரீ கெம்பாங்கான் என்று மூன்று ஊர்களில் மூன்று குளிர்பதனக் கிடங்குகள், கிடங்குக்கு ஒரு கணினி. மீனும் இறைச்சியும் எந்தக் குளிரில் இருந்தன என்பதை மூன்றும் ஒரே மாதிரிப் பதிந்து வைக்கும். யாரும் தனியாகத் திருத்திவிட முடியாது. அந்தத் தனியார் பிளாக்செயினைப் பார்த்துக்கொள்வதுதான் சிவேந்திரனின் வேலை. கூட்டாளி தனேஷ் மெல்பர்னுக்குப் போனதிலிருந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவனுக்கு ஆபீஸ். சில நாட்களில் கீழே கடையில் தே தாரே என்ற தேநீர் கேட்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மழை நாளில் கிள்ளான் தொடர்பு அறுந்தது. இடி இறங்கிப் பழைய கணினி கருகிவிட, யாரோ ஒரு டெக்னீஷியன் புதியதை வைத்துவிட்டுப் போயிருந்தார். புதியதன் முகவரி தெரியாமல் மற்ற இரண்டும் பழையதையே தேடிக்கொண்டிருந்தன. சிவேந்திரன் கிடங்குக்கு போன் போட்டான். வெகுநேரம் மணி அடித்த பிறகு அமுதவள்ளி என்ற கிராணி, கிடங்கின் கணக்குப் பார்ப்பவர், எடுத்தார்.

அவன் சொல்லச் சொல்ல அவர் புதிய கணினியில் தட்டினார். எழுத்தும் எண்ணும் கலந்து திரையில் நீளமாக ஒரு முகவரி வந்தது.

"படிக்கட்டுமா தம்பி?"

போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவன் சொல்லவில்லை.

"படிங்க அக்கா."

"ஏழு. பி, பந்திங் பி. ரெண்டு. டி, டெங்கில் டி. எங்க ஆளுங்க எல்லாம் இப்ப அங்கதான், புது ஸ்டோர்ல. மிச்ச சரக்கு போற வரைக்கும் இங்க நான் ஒருத்திதான்."

எழுத்துக்கு எழுத்து ஓர் ஊர்ப் பெயர் சொன்னார், ஒவ்வொரு டிக்கும் டெங்கில் வந்தது. கூடவே ஏதாவது ஒரு சேதியும் வந்தது: மத்தியானம் எதிர்க்கடைச் சோறு, கூரையில் விடாத மழை, பேச்சுத்துணைக்கு வைத்திருக்கும் ரேடியோ. சிவேந்திரன் குறித்துக்கொண்டே சிரித்தான். பாதியில் மனம் உறுத்தவே, போட்டோ அனுப்பினாலே போதும் என்று சொல்லிவிட்டான்.

"தெரியும் லா. பரவால்ல, படிச்சிடறேன்."

கடைசியில் வந்தது 127.0.0.1. எந்தக் கணினியும் தன்னையே குறிக்கச் சொல்லிக்கொள்ளும் எண் அது. வெளியிலிருந்து தேடுபவர்களுக்கு உதவாது. கிடங்கின் இணைய இணைப்பு வெளியுலகுக்குக் காட்டும் எண்ணைப் பார்க்க அவருக்கு வழி சொன்னான். அதையும் படித்தார். முகவரியின் கடைசியில் இருந்த 127.0.0.1-ஐ நீக்கி அந்த இடத்தில் இதைப் போட்டு, மற்ற இரண்டு கணினிகளுக்கும் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கிள்ளான் கணினி மறுபடி இணைப்பில் வந்து சேர்ந்தது.

"அப்ப இனிமே போன் பண்ண மாட்டீங்களா?"

"நம்பர் மாறினா பண்ணுவேன் அக்கா."

நம்பர் மாறவில்லை. இணையத்தில் மாறாத எண்ணாக வாங்கித் தரும்படி மறுநாளே கிடங்கு நிறுவனத்துக்கு எழுதியவன் அவன்தான், அதுதானே முறை. பிறகு பலமுறை போனைக் கையில் எடுத்தான். என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து, கிள்ளானை எடுத்துவிட்டு டெங்கிலைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. கிடங்கின் போன் எண்ணுக்கு அடித்தான், இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அன்று அந்தப் போட்டோவை வாங்கியிருந்தால் அவருடைய கைப்பேசி எண்ணாவது மிஞ்சியிருக்கும்.

சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனான். கிடங்கு வாசலில் சங்கிலி போட்டிருந்தது. எதிர்க்கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, கடைப் பெண்மணியிடம் அமுதவள்ளியைப் பற்றி விசாரித்தான். டெங்கிலுக்கு அவரைக் கூப்பிடவில்லையாம். ரவாங்கில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம். நம்பர் கடையில் இல்லை, ஆனால் தீபாவளிக்கு ஒரு நடை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

சிவேந்திரன் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தான்.

"கூட வேலை செஞ்சோம், ஆன்டி."

கடைப் பெண்மணி நாட்காட்டியின் தீபாவளித் தாளைப் புரட்டி, அதில் அவன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவன் தேநீரைக் குடித்து முடித்து, தூறலில் ஸ்டேஷனை நோக்கி நடந்தான்.