ஸாலிஹா ரீச்சரின் மகன்

லோஜினி எடுத்த முதல் குறும்படத்தில் கடலில் மூழ்கிச் செத்தவனாக நடித்த அஞ்சலோவின் உடுப்பு அதற்குப் பிறகு ஒருநாளும் காயவில்லை. நிலாவெளிக் கரையில் காலை வெயிலில் எடுத்த காட்சி அது. முகம் மண்ணில் பட, அலை வந்து காலை இழுக்க, அஞ்சலோ அசையாமல் கிடந்தான். எல்லோரும் கைதட்ட எழும்பி வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டான். வீட்டுக்குப் போய் உடுப்பை மாற்றினான், மாற்றிய உடுப்பும் நனைந்தது. நக்கிப் பார்த்தால் உப்புக் கரித்தது. அவன் மனைவி ஜெசிகா மெத்தையைத் தூக்கி வெளியில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் பாய் வாங்கி விரித்தாள். ஆஸ்பத்திரியில் அதை வியர்வை நோய் என்றார்கள். சோதித்தபோது சட்டை மடிப்புக்குள் ஒரு நெத்தலிக் குஞ்சு துடித்ததை டொக்டர் கண்டும் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பங்குச் சுவாமி செபித்துப் பார்த்தார். கடைசியில் அஞ்சலோ தளபாடக் கடை வேலையை விட்டு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கே எல்லோரும் நனைந்துதான் நின்றார்கள். ஆகவே அந்தக் கதை அத்தோடு அடங்கிவிட்டது.

லோஜினி அப்போது திருகோணமலை நகரத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு வீடியோக் கடையில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தகப்பன் அல்பிரட் அவளுக்கு அரசாங்க வேலை ஒன்று கிடைக்க வேண்டுமென்று நேர்த்தி வைத்திருந்தார். அவளோ, மாப்பிள்ளை மாலை போடும் காட்சியை விட்டுவிட்டு, பந்தலின் பின்னால் தனியே நின்று கண் துடைக்கும் பெண்ணைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். அந்தப் பெண்ணை அங்கே கண்டு கமராவைத் திருப்பியவன் முனீப். கிண்ணியாக்காரன். சின்ன வயதில் சுனாமி அவன் உம்மாவைக் கொண்டுபோனது, மாமாதான் வளர்த்தார், அவரும் பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எல்லாச் சனத்தின் கலியாணத்துக்கும் இருவரும் ஒரே மோட்டார்சைக்கிளில் போய்வந்தார்கள். இருவருக்கும் இடையில் ஒரு விஷயம் இருந்தது. அதை வாய்திறந்து சொன்னால் இரண்டு ஊரிலும் கதவு சாத்துவார்கள் என்பதால் சொல்லாமலே வைத்திருந்தார்கள்.

குறும்படத்துக்குக் கொழும்பில் ஒரு பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பார்த்து ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவளிடம் ஒரு மணி நேரப் படம் கேட்டது. மகனைத் தொலைத்த தாய் ஒருத்தியின் கதையை அவள் எழுதினாள். தாயாக நடிக்க மூதூரிலிருந்து ஸாலிஹா ரீச்சர் வந்தார். ஆசிரியையாகப் பாடசாலை நாடகங்கள் பழக்கி ஓய்வுபெற்றவர், கலியாணமே முடிக்காதவர், தம்பியின் வீட்டோடு ஒட்டிய சின்ன வீட்டில் தனியே இருந்தவர். மகனாக யாரும் நடிக்கவில்லை, பெயர் மட்டும் இருந்தது: அஸ்ஹான். அவனைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களாக நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த இரண்டு பேர் நடித்தார்கள். ஓயாமல் பகிடி விட்டுச் சிரிக்கிறவர்கள் அவர்கள். வாகனத்தில் வந்து இறங்கி, கதவைத் தட்டி, "சின்ன விசாரணைதான், இப்ப கொண்டுவந்து விட்டிருவம்" என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள். ஸாலிஹா ரீச்சர் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, ஒலிப்பதிவுக்கு நின்றவரே காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அப்பால் போய்விட்டார்.

படம் ஒளிபரப்பாகுமுன்னரே மூதூரில் ஸாலிஹா ரீச்சரின் மகனைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அவனுக்கு முதல் முடி வெட்டிய கதையைச் சலூன்காரர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி, அவன் தன் மாமரத்தில் ஏறி விழுந்து கை முறித்ததைச் சொன்னாள். ரீச்சரின் அலுமாரியில் சின்னச் சட்டைகளும், அவற்றுக்கு மேல் பெரிய சட்டைகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அக்கா கலியாணம் முடிக்கவில்லையென்று முப்பது வருடம் குறைப்பட்ட தம்பி, "என்ட மருமகன்" என்று சந்தியில் நின்று அழுதார். அப்படி ஒரு மகன் இருந்ததேயில்லை என்பது கமராவுக்குப் பின்னால் நின்ற லோஜினிக்கும் முனீப்புக்கும் மட்டுமே நினைவிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ரீச்சர் பஸ் ஏறி லோஜினியின் வீட்டுக்கு வந்தார். கொடுத்த கதிரையின் நுனியில் இருந்தார். ஏசவில்லை.

"புள்ள, என்ட மகன அவனுகள் எங்க கொண்டு போனானுகள்?"

"ரீச்சர், அது..."

"நீங்கதானே எழுதின. உங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?"

"அவையள் கூட்டிக்கொண்டு போறதோட என்ர எழுத்து முடிஞ்சுது ரீச்சர். அதுக்கு அங்கால நான் யோசிக்கேல்ல."

ஸாலிஹா ரீச்சர் அவளை, கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப மிச்சத்த எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அந்தப் படத்துக்கும் பரிசுகள் கிடைத்தன. பத்திரிகையில் லோஜினியின் படம் வந்தது. அல்பிரட் அரசாங்க வேலைக் கதையை விட்டுவிட்டார். நிலாவெளி இருவரும் ஹோட்டல் வேலையை விட்டார்கள், பகிடியையும் விட்டார்கள். அவர்கள் கடைக்குள் நுழைந்தால் சனம் கதையை நிறுத்தியது. இலக்கத் தகடு இல்லாத ஒரு வாகனம் அவர்களிடம் இருந்தது. யார் கொடுத்தது, யார் அனுப்பியது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த அந்த வருடத்தில், வரிசைகளுக்குப் பக்கத்தால் அந்த வாகனம் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. வெருகல் பக்கம் ஒரு பெடியன் வீடு திரும்பவில்லை என்று சொன்னார்கள். அவன் வெளிநாடு போனான் என்றும் சொன்னார்கள். லோஜினி இரண்டில் எது உண்மை என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

அடுத்த படமாக, மகன் திரும்பி வருகிற கதையை எழுதினாள். நிறுவனத்துக்காரர் தொலைபேசியில் சிரித்தார். "மகன் வந்திட்டால் படம் முடிஞ்சுது தங்கச்சி. வராத வரைக்கும்தான் சனம் பார்க்கும்." அவள் ஓம் என்று சொல்லி, அவருக்கு மட்டும் வேறு முடிவை அனுப்பினாள். வாகனத்தில் திரியும் அந்த இருவருக்கும் ஒரு முடிவு எழுதியிருந்தாள், தங்கள் வேலையை விட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி. ஆனால் சொல்லியனுப்பியும் அவர்கள் நடிக்க வரவில்லை. மகனாக நடிக்கக் கேட்ட பெடியங்கள் எல்லோரும் சம்மதித்தார்கள். அடுத்தநாளே அவர்களின் தாய்மார் வந்து லோஜினியின் கேற்றடியில் நின்றார்கள். அஞ்சலோவின் கதை அவர்களுக்குத் தெரியும். அவளும் பெடியங்களை வேண்டாமென்றாள்.

மூதூர் இறங்குதுறையில் இடம் பார்க்கப் போன அன்று முனீப் சொன்னான்.

"நான் நடிக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரா? பிறகு என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

"தெரியும். அவ படலையப் பிடிச்சு அழக்குள்ள நான் போக்கஸ் பிடிச்சிக்கிட்டு நிண்டன். வேறொண்டும் செய்யல்ல." அவன் கடலைப் பார்த்தபடியே கதைத்தான். "எனக்கு உம்மா இல்ல. அவக்கு மகன் இல்ல. இதில ஆருக்கு நட்டம்?"

எனக்கு என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனும் அதற்கு இடம் விட்டுத்தான் நின்றான். லொஞ்ச் படகு ஒன்று வந்து அணைந்தது, ஆட்கள் இறங்கினார்கள், சாமான்கள் இறங்கின.

"அப்ப கமராவ ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டாள்.

"நீங்கதான். எல்லாம் சொல்லித் தந்திரிக்கன்தானே."

காட்சியைப் பின்னேர வெயிலில், ரீச்சரின் சொந்த வீட்டில் எடுத்தார்கள். முனீப் ஒழுங்கை முனையிலிருந்து நடந்து வந்தான். அதுவரை இல்லாத ஒரு நொண்டல் அவன் இடது காலில் வந்து சேர்ந்ததை லோஜினி கமராவுக்குள்ளால் கண்டாள். அவள் அப்படி எழுதியிருக்கவில்லை. படலையடியில் நின்று "உம்மா" என்றான். ஸாலிஹா ரீச்சர் ஓடிவரவில்லை. மெதுவாக வந்து, முக்காட்டுத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்து, கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனார். காட்சி அங்கே முடிய வேண்டும். லோஜினி கட் சொல்லவில்லை. சொன்னால் அவன் போய்விடுவான். கமராவைத் தோளில் வைத்தபடி பின்னால் போனாள். ரீச்சர் சோறு போட்டார், மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தார், அவன் குனிந்தபடி சாப்பிட்டான். நகக்கண்ணைக் கடிக்கிற பழக்கம், இடது புருவத்துத் தழும்பு, ஒன்றையும் விடாமல் எடுத்தாள். தோள் மரத்துப் போனது. வந்திருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மெமரிக் காட் நிரம்பிக் கமரா தானாகவே நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மரியாதையான, புதிய பார்வை. "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டான்.

கட்டாரிலிருந்த முனீப்பின் மாமாவுக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். தனக்கு அப்படி ஒரு மருமகன் இல்லையென்று அவர் பண்பாகச் சொல்லி, யாருக்கு எடுத்தீர்கள் மகள் என்று விசாரித்தார். கிண்ணியாவில் முனீப் இருந்த அறையில் தையல்காரர் ஒருவர் வருடக்கணக்காகக் குடியிருந்தார். படம் ஒளிபரப்பானது. நிறுவனத்துக்காரர் கோபித்தார். முடிவு நம்பும்படியாக இல்லை என்று கொழும்பில் எழுதினார்கள். மூதூரில் மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரீச்சரின் மகன் வந்துவிட்டானே, அதைத்தானே எடுத்திருக்கிறாள் என்றார்கள்.

பிறகொருநாள் நகரத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வாகனம் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. முன்பு அதிகம் சிரிக்கிறவனாக இருந்தவன், "அஸ்ஹான் வந்திட்டானாம், உண்மையோ?" என்று கேட்டான். அவள் தெரியாது என்றாள். "டைரக்டருக்குத் தெரியாதோ" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.

லோஜினி படம் எடுப்பதை விடவில்லை. இப்போது அலைகளையும் ஆட்களில்லாத வீதிகளையும் எடுக்கிறாள், அவற்றுக்கும் பரிசு கிடைக்கிறது. பெருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் கமராவை வீட்டில் வைத்துவிட்டு மூதூருக்குப் போவாள். இந்த வருடப் பெருநாள் வெள்ளிக்கிழமை வந்தது. அஸ்ஹான் கதவைப் பார்த்தபடி போடப்பட்ட கதிரையில் இருந்தான். அவன் முதுகை வாசலுக்குக் காட்டி இருப்பதில்லை. ரீச்சருக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஒழுங்கையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெருநாள் இனிப்பாக வைத்த வட்டிலாப்பம் பாதி சாப்பிட்டிருக்கும்போது சத்தம் நின்றது. பிள்ளைகள் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வீடுகளுக்குள் போனார்கள். எதிர்வீட்டுக்காரி உடுப்புக் கொடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அஸ்ஹான் எழும்பி, நொண்டியபடி அறைக்குள் போய், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நின்றான். அந்த வாகனம் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. லோஜினி கரண்டியை வைத்துவிட்டு எழும்பப் போனாள்.

"ஒண்டுமில்ல புள்ள" என்றார் ஸாலிஹா ரீச்சர். "வெள்ளிக்கிழமையில வருவானுகள். பாத்திட்டுப் போயிருவானுகள். நீங்க சாப்பிடுங்க."

படலைக்கு நேரே இயந்திரம் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு போனது. எதிர்வீட்டுக்காரி மிச்ச உடுப்பைக் காயப்போட்டாள். யார் துடுப்பாடிக்கொண்டிருந்தது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. அஸ்ஹான் சட்டையில் பட்ட சுவர்ச் சுண்ணாம்பைத் தட்டியபடி வெளியே வந்து, அவளுடைய வட்டிலாப்பக் கோப்பையைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா அக்கா?"

அவள் கோப்பையை நீட்டினாள்.