முதல் வாய்க் கூழ்

ஆடி மாசம் மூணாவது ஞாயித்துக்கெழமை. உத்திரமேரூர் பக்கத்துல ஏரிக்குக் கீழே இருக்கிற அந்த ஊர்ல, கங்கையம்மன் கோயில் வாசல்ல மூணு அண்டா கேவுரு கூழு ஆறிக்கினு இருக்குது. மைக் செட்காரன் காது கிழிய அலற வுட்டுக்கினு இருக்கான். மத்த ஞாயித்துக்கெழமையா இருந்தா, இந்நேரம் கீதா தன் வூட்டுக்காரர் டேனியலோட சர்ச்சுல உக்காந்திருப்பா. இன்னிக்கு அவரைத் தனியா அனுப்பிட்டு பந்தல் ஓரமா வந்து நிக்கிறா. வராம எப்படி இருக்க முடியும்? கூழு ஊத்துறதே அவ அண்ணன் ஆனந்தன்தான். அதுவும் அவன் பொண்ணு இளமதிக்காக.

போன ஐப்பசியில இளமதிக்கு டெங்கு காய்ச்சல். ஏழு வயசுப் பொண்ணு, ஆஸ்பத்திரியில ஆறு நாள் கண்ணே தொறக்கல. எம் பொண்ணு பொழைச்சி வந்தா ஆடியில கூழு ஊத்துறேன், மொத வாய் அவளே குடிப்பான்னு ஆனந்தன் வராண்டாவுல நின்னு கங்கையம்மனுக்கு வேண்டிக்கினான். அதே வராண்டாவுல பத்தடி தள்ளி கீதா முட்டி போட்டு இயேசப்பாகிட்ட கெஞ்சிக்கினு இருந்தா. பொண்ணு பொழைச்சிடுச்சு. பொழைக்க வெச்சது யாருன்னு அண்ணனும் தங்கச்சியும் அப்புறம் ஒரு வார்த்தை பேசிக்கல. பேச்செடுத்தா வம்புதான்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

ஆனந்தனும் அவன் பொண்டாட்டி புஷ்பாவும் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறவங்க. விடிகாலை அஞ்சு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸு வந்துடும். அதனால கைப்புள்ளையா இருந்ததுல இருந்தே இளமதி அத்தை வூட்டுலதான் வளருது. கீதா டேனியலைக் கட்டிக்கினு இந்தத் தெருவுக்கு வந்து பன்னண்டு வருசம். பெத்துக்கல, ஆனா வளத்தா. ஆனந்தன் ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டிருந்தான்: "எம் பொண்ணு சர்ச்சு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

சத்தியமா மிதிக்க வுடல. ஆனா வூடுன்னு ஒண்ணு இருக்கே! சோத்துத் தட்டு முன்னாடி கீதா கண்ண மூடினா, கொழந்தையும் மூடுச்சு. மல்லாட்டைக் கடலை உரிக்கிறப்ப அவ சர்ச்சுப் பாட்டு பாடினா, அதுவும் கூடவே இழுத்துச்சு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பொண்ணோட பென்சிலை எடுத்துக்கினு வந்து, தன்னோடதுன்னு சொல்லுச்சு. "பொய் சொன்னா இயேசப்பா வருத்தப்படுவாரு கண்ணு, நீயே டீச்சர்கிட்ட சொல்லிடு"ன்னு அனுப்பினா. போய்ச் சொல்லிட்டு வந்து அத்தை மடியில படுத்து அழுதுச்சு. அன்னிக்கு கீதாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்ல.

பேஜாரு வேற எடத்துல இருந்து வந்தது. பக்கத்து வூட்டு செல்லம்மாள் ஒவ்வொரு ஆடிக்கும் படைச்ச கூழைச் சொம்புல குடுத்தனுப்புவா. வேணான்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும். சாமிக்குப் படைச்சத குடிக்கவும் கீதாவுக்கு மனசு வராது. சிரிச்சிக்கினே வாங்கி, பின்னாடி போய் மாட்டுத் தொட்டியில ஊத்திடுவா. இது கொழந்தை கண்ணுல படும்னு அவ நெனச்சதே இல்ல. நேத்து சாயங்காலம் தலை பின்னிக்கினு இருக்கிறப்ப இளமதி கேட்டுச்சு: "நீ குடிக்காத கூழ நான் மட்டும் ஏன் அத்தே குடிக்கணும்?"

கீதா பின்னலை அவசரமா முடிச்சா. "நைனா ஆசையா குடுக்கும், குடிச்சிடு கண்ணு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. அது பதிலா? பதில் இல்லன்னு அவளுக்கே தெரியும். இன்னிக்கு இந்தப் பொண்ணு ஏதாவது முரண்டு புடிச்சா, ஆனந்தன் அதோட அவளத் தூக்கிக்கினு போயிடுவான். அவன் கோவம் அவளுக்குத் தெரியாததா?

கற்பூரம் காட்டியாச்சு. மைக் செட்டை நிறுத்தச் சொன்னாங்க. கோயில் பூசாரி சேட்டு, அண்டாவுல இருந்து ஒரு சொம்பு மொண்டு ஆனந்தன் கையில குடுத்தாரு. மணிக்கட்டுல காப்பு, இடுப்புல மஞ்ச வேட்டி, ஏழு நாள் விரதத்துல கன்னம் ஒட்டிப் போயிருந்த மனுசன் பொண்ணு முன்னாடி குனிஞ்சான்.

"குடி கண்ணு. உனக்காகத்தான்."

"வேணா நைனா."

"ஒரே ஒரு வாய்."

"படைச்சத நான் குடிக்க மாட்டேன். அத்தை வூட்டுல இத மாட்டுக்குத்தான் ஊத்துவாங்க."

மைக் நின்னிருந்ததால தெருவுக்கே கேட்டுச்சு. "அடிப்பாவி! நான் குடுத்தனுப்பறதையா?"ன்னு செல்லம்மாள் நெஞ்சுல கை வெச்சிக்கினா. முப்பது நாப்பது தலை பந்தல் ஓரத்துப் பக்கம் திரும்புச்சு.

ஆனந்தன் பொண்ணு மேல கைய ஓங்கிட்டான். "அம்மன் வாசல்ல நின்னுக்கினு பொய்யா சொல்ற?"

புஷ்பா குறுக்க வுழுந்து அந்தக் கையப் புடிச்சா. "சின்னப் புள்ள ஏதோ ஒளறுது. ஏ கீதா, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன்!" கண்ணாலயே கெஞ்சினா.

இல்ல. அந்த ஒரு வார்த்தைதான். சொல்லிட்டா கொழந்தைக்கு ஒரு அறை வுழும், கொஞ்ச நேரம் அழும், நாளைக்கு விடிகாலையில எப்பவும் போல அவ வூட்டுக்கு வந்துடும். கீதா வாயத் தொறந்தா. இளமதி அவளையே பாத்துக்கினு இருந்தது. ஓங்கின கையப் பாத்துகூட அது பயப்படல. அத்தை உண்மையத்தான் சொல்லும்னு அப்படி ஒரு தைரியம் அதுக்கு. பாவி மவளே, இப்படியாடி நம்பித் தொலைப்பே!

"பாப்பா பொய் சொல்லலண்ணா. நான்தான் ஊத்தினேன்."

ஆனந்தன் கை எறங்கிப் போச்சு. "நம்ம அம்மாவோட நீயும் நானும் இதே வாசல்ல சொம்பு தூக்கினு நின்னவங்கதானே? அவ்ளோ கேவலமா போச்சா உனக்கு?"

"கேவலம் இல்லண்ணா. என்னால குடிக்க முடியல. குடுக்கிறவங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் வாங்கினேன்."

"மாட்டுத் தொட்டியில ஊத்தினா நோவாதா?"

அவன் கேட்டது ஞாயம்தான். தலையக் குனிஞ்சிக்கினா.

"நாளையில இருந்து எம் பொண்ணு உன் வூட்டுக்கு வராது. போயிடு இங்கருந்து."

கீதா போவத் திரும்பினா. அப்ப இளமதி அப்பன் வேட்டியப் புடிச்சி இழுத்துச்சு. "அத்தையத் திட்டாத நைனா. குடு, நான் குடிக்கிறேன்."

சொம்பை வாங்கித் தரையில வெச்சிது. கை கூப்புச்சு. கண்ண இறுக்கி மூடிச்சு. ஐயோ வேணாண்டின்னு கீதா மனசுக்குள்ள கத்தினா.

"இயேசப்பா, நைனாக்குக் கோவம் போவணும். அத்தை அழக் கூடாது. நாளைக்கும் நான் அத்தை வூட்டுக்குப் போவணும். ஆமென்."

பூசாரி "இன்னா ஆனந்தா இது, அம்மன் எதிர்லயே"ன்னு ஆரம்பிச்சாரு. ஆனந்தன் கையக் காட்டி நிறுத்திட்டான். கொழந்தை சொம்பைத் தூக்கி ஒரு வாய் இல்ல, மடக்கு மடக்குன்னு பாதிக்கு மேல குடிச்சிட்டு, மூக்கு மேல ஒட்டின கூழைத் தொடைச்சிக்கினு அப்பனப் பாத்துச்சு.

ஆனந்தன் அதுகிட்ட குந்தினான். கண்ணு கலங்கி இருந்தது. "அத ஏன்டி அவருகிட்ட கேக்குற? உங்கப்பன் நான் எதிர்லயே நிக்கிறேன். எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

"போவட்டா நைனா?"

அவன் வேட்டி முனையால அது வாயத் தொடைச்சு வுட்டான். அப்புறம் "போ"ன்னான். கீதா பக்கம் அவன் திரும்பவே இல்ல.

மறுநாள் விடிகாலை நாலே முக்காலுக்கு வண்டிச் சத்தம் கேட்டு கீதா கதவைத் தொறந்தா. இளமதி மட்டும் பையைத் தூக்கிக்கினு இருட்டுல நடந்து வந்துச்சு. ஆனந்தன் தெரு முனையிலயே வண்டிய நிறுத்தியிருந்தான். "அண்ணா, டீ போட்டு வெச்சிருக்கேன்"ன்னு கூப்பிட்டா. பொண்ணு வாசப்படி ஏறுற வரைக்கும் பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கினு போயிட்டான்.

"நைனா இனிமே இங்க வராதாம் அத்தே. நீ அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் வருமாம்"ன்னு சொல்லுச்சு இளமதி. "கேப்பியா அத்தே?"

இந்த அண்ணன் ஒரு நாளாவது தன்னோட சேந்து இயேசப்பா முன்னாடி முட்டி போடணும்னு பன்னண்டு வருசமா ஜெபம் பண்ணிக்கினு இருக்கிறவ அவ. கொழந்தை பதிலுக்குக் காத்துக்கினு அவ மூஞ்சியையே பாத்துச்சு. கேப்பேன்னு சொன்னா பொய், மாட்டேன்னு சொன்னா அண்ணன் இந்தப் படி ஏற மாட்டான்.

"பல்லு வெளக்குனியா?"ன்னு கேட்டா கீதா.