தட்டினால் அடுத்த விதி

துறைத் தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. ஜெயக்கொடிக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை. செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தாள். தேர்வுக்குப் படிக்கவேண்டிய அரசுப் பணி விதிகள் புத்தகத்தை அவளுடைய கணவன் இளவரசன், மினிபஸ் ஓட்டக் கிளம்புமுன் தினமும் உரக்கப் படித்துத் தன் போனில் பதிவு செய்தான். நான்கு மாத உழைப்பு. போனில் இடம் போதாததால், அத்தனையையும் ஒரு சின்ன எம்பி3 பிளேயரின் கார்டுக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்திருந்தான்.

அந்தப் பிளேயரில் முன்னே போக ஒரே பொத்தான். தட்டினால் அடுத்த பாடம். அழுத்திப் பிடித்தால் அதே பாடத்துக்குள் வேகமாக ஓடும். ஒவ்வொரு பாடமும் ஒன்றரை மணி நேரம் என்பதால் ஜெயக்கொடி பெரும்பாலும் அழுத்தித்தான் பிடிப்பாள். அந்த வாரம் அது கெட்டுப்போனது. விரலை எடுக்காமல் இருந்தாலும் பாதியில் அடுத்த பாடத்துக்குத் தாவியது. பின்னால் வந்தால் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருந்த வீரமணியிடம் கொண்டுபோனாள்.

அவன் திறந்து பார்த்தான். "உள்ள ரப்பர் தேஞ்சிடுச்சுக்கா. நீங்க புடிச்சிட்டே இருந்தாலும் நடுவுல விட்டுடுது. அது தட்டிட்டாங்கன்னு நெனச்சிக்குது."

"மாத்த முடியாதா தம்பி?"

"இதுக்கு பார்ட்ஸ் வர்றதில்ல. புதுசு வாங்கினாலும் இதே மாதிரி ஒரே பட்டன்தான். இன்னா பண்றது?"

ஜெயக்கொடி அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தட்டினா ஒழுங்கா போவுதா?"

"அது நல்லா போவுதுக்கா."

"அப்போ பாடத்த துண்டு துண்டா வெட்டிடு. ஒரு விதிக்கு ஒரு துண்டு. புடிக்கற வேலையே வாணாம். தட்டினா அடுத்த விதி வந்துடணும்."

"அட, செய்யலாமே!" என்ற வீரமணி கார்டை எடுத்து, கார்டு ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகினான். சுட்டியைத் திரும்பத் திரும்பச் சொடுக்கினான்.

"இன்னாச்சு?"

"காலியா காட்டுதுக்கா."

அவள் கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதமாகத் தொண்டை கட்டிக் கட்டி இளவரசன் படித்தது. மறுபடி படிக்க நாள் எங்கே இருக்கிறது?

"இருங்க, டென்ஷன் ஆவாதீங்க," என்றான் வீரமணி. கார்டை வெளியே எடுத்துத் துடைத்தான். வேறொரு ரீடரைத் தேடி எடுத்துச் செருகினான். சுட்டி இரண்டு முறை சொடுக்கிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி, கடை முழுக்க இளவரசனின் குரல்: "ஈட்டிய விடுப்பு என்பது..."

ஜெயக்கொடி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "தம்பி, கொஞ்சம் தண்ணி குடு."

"எல்லாம் பத்திரமா இருக்குதுக்கா. கார்டுல ஒண்ணும் ஆவல, அந்த ரீடர்தான் தகராறு. மொதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிடறேன்."

வெட்டுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு விதியும் முடிந்ததும் இளவரசன் நிறுத்தித் தண்ணீர் குடித்திருந்தான். அந்த இடைவெளிகள் திரையில் தெரிந்தன. இரண்டே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். பிளேயரைத் திரும்ப வாங்கிய இடத்திலேயே ஜெயக்கொடி ஒரு தட்டு தட்டினாள். விதி எண்ணோடு ஆரம்பித்தது. இன்னொரு தட்டு, அடுத்த எண். அவள் சிரித்துவிட்டாள்.

மிச்சமிருந்த நாட்களில் தெரிந்த விதிகளைத் தாண்டித் தாண்டி, குழப்பமானவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

விழுப்புரத்தில் தேர்வு. அவள் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதினாள். வெளியே வந்தபோது இளவரசன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"எப்டி ஜெயா?"

"ஒண்ணு விடாம சொல்லிட்டேங்க."

"ரிசல்ட்டு?"

"அது வர்றப்ப வரட்டும். எனக்குப் பசிக்குது."

ஓட்டலில் மூன்று தோசை சாப்பிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "செஞ்சி வந்தா எழுப்புங்க," என்றாள். வண்டி கிளம்புவதற்குள் தூங்கிப்போனாள்.