தலைமாட்டு இலையான்கள்

நாளைக்குக் கிளினிக். சலரோகத்தால் சண்முகலிங்கத்தின் கால் பெருவிரலில் வந்த புண் காயவில்லை என்றால், விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் போன முறையே சொல்லிவிட்டார். இரத்தத்தில் சீனி கூடக்கூடாது, புண்ணில் ஈ, இலையான் குந்தக்கூடாது. மனைவி நேசமலர் இந்த இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி. மீன் வெட்டினால் செதிலைக்கூட வீட்டில் வைத்திருக்காமல் கையோடு கீழே கொண்டுபோய்விடுவாள். நிலத்தைப் பினாயில் போட்டுத் துடைத்துத் துடைத்து அவளுடைய கைதான் வெளிறிப்போனது. இவ்வளவு செய்தும் அவருடைய அறைக்குள் மட்டும் இலையான் வந்து மொய்த்தது. இதென்ன அநியாயம்! பக்கத்து வீட்டு றேமண்டின் குப்பைதான் காரணம் என்று வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். பாவம், அந்த மனிதர் பையைத் திறந்தே காட்டினார். பழைய பத்திரிகைகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

பின்னேரம் கட்டு மாற்ற உட்கார்ந்தாள். துணியைப் பிரித்தாள். விரல் நுனி கறுத்திருந்தது.

"எப்பிடி இருக்கு?"

"பேசாமல் படுங்கோ."

ஓர் இலையான் பறந்து வந்தது. துவாயை ஓங்கினாள். அது புண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் தலைமாட்டுக்குப் போனது. பின்னால் வந்ததும் அங்கேதான் போனது. புண்ணை விட்டுவிட்டு அங்கே இதுகளுக்கு என்ன வேலை? எழுந்து தலையணையை இழுத்தாள்.

"இஞ்சரும், அதை விடும்!"

மெத்தை இடுக்கில் பனையோலைக் குட்டான் ஒன்று. உள்ளே பாதி உருகிய பனங்கட்டி. அதில் இலையான்கள் அப்பிக்கிடந்தன.

"விரலை வெட்டப்போகினம், நீங்கள் ஒளிச்சு வைச்சு இனிப்புத் தின்னுறியளோ? ஆர் தந்தது?"

"நீர்தான்," என்றார் சண்முகலிங்கம். "சீனிதான் கூடாது, பனங்கட்டி எங்கட ஊர்ச் சாமான், ஒண்டும் செய்யாதெண்டு தேத்தண்ணியோட நீர்தானே தந்தனீர். ஒண்டும் செய்யாததுதானே எண்டு மிச்சத்தையும் எடுத்து வைச்சனான்."

நேசமலர் கட்டிலில் பொத்தென்று இருந்துவிட்டாள். மாதக்கணக்காகக் காலையும் மாலையும் அவள் கையால் கொடுத்ததுதான். வீட்டில் ஒரு மணி சீனி இல்லை என்று டொக்டரிடம் பெருமையாகச் சொன்னவளும் அவள்தான். மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் சீனி ஏன் இறங்குதில்லை என்று டொக்டர் குழம்பியபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. வெளியே இருந்து வருவதைத்தான் இரவு பகலாகக் காவல் காத்திருக்கிறாள்.

"டொக்டரிட்ட இதைச் சொல்லாதையும்," என்றார் அவர் மெல்ல. "உம்மைத்தான் ஏசுவார்."

அவள் கறுத்த விரலைப் புதுத் துணியால் சுற்றத் தொடங்கினாள்.

"ஏசட்டும்," என்றாள். "வெட்டுறது விரலோட போகட்டும். எனக்கு உங்கட கால் வேணும்."