ஹெலினாவுக்கு நான் போட்ட அட்டவணை

பதினெட்டு வருடம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவளுக்கு எதைப் பார்த்தாலும் அட்டவணை போடத்தான் கை வரும். எனக்கும் அதே வியாதி.

1998 ஜூலையில் என் தங்கை ஹெலினாவுக்கு மூன்றாவது மாதம். சின்ன வயதிலேயே பழுதான இதய வால்வு, பிரசவம் வரை தாங்காது, கருவைக் கலைப்பதுதான் வழி, ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கப்பலில் இருக்கும் அவள் கணவன், உன் முடிவே என் முடிவு என்று போனில் அழுதான். அவள் பூனாவின் கேம்ப் பகுதியில் என் வீட்டில்தான் இருந்தாள். நம் திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்டாள். விடுவேனா நான்?

எதிர்வீட்டு ரிப்கா மராத்தி பேசும் யூதப் பெண். என் பள்ளியில் கணக்கு டீச்சர். ஹெலினா நலமாக வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, அவலில் தேங்காயும் சர்க்கரையும் பிசைந்த மலீதாவோடு வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். குழந்தையின் தலை வெளியே வரும்வரை தாயின் உயிர்தான் முதலில் என்றாள். அற்பக் காரணத்துக்குக் கலைக்க அவர்கள் சட்டமும் விடாதாம். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் அவளைக் காப்பாற்றுவது சலுகையில்லை, கடமையாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கருவான நொடியிலிருந்தே அதுவும் உயிர். தாய்க்கு வைத்தியம் செய்யும்போது அது தானாகப் போனால் வேறு, தாய்க்காகக்கூட அதை நேராகக் கொல்லக் கூடாது என்றேன். மூன்று நாள் மாடிப்படியில் நின்றபடியே வாதாடினோம். இரண்டு நாள் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. ரிப்காவும் லேசுப்பட்டவள் இல்லை.

நான்காம் நாள் சார்ட் பேப்பரில் கோடு கிழித்து, இடப்பக்கம் கத்தோலிக்கம், வலப்பக்கம் யூதம் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. ஹெலினா நின்று நிதானமாகப் படித்தாள்.

"அக்கா, ரெண்டு பக்கமும் தாய், சிசுன்னுதான் போட்டிருக்க. என் பேரு எங்கயுமே இல்லியே. எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா."

உனக்கு எப்படி இருக்கிறது என்று நாலு நாளாக அவளைக் கேட்கவே இல்லை நான். வெட்கமாக இருந்தது.

கலைத்துவிடுவது என்ற முடிவை அவளே எடுத்தாள். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்கும் இல்லை. அதை அவளிடம் மறைக்கவுமில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் ஜெபமாலையை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக மன்னிப்புக் கேக்கப் போறியாக்கா?"

"இல்லட்டி. உன்னை உசிரோட எனக்குத் திருப்பிக் குடுன்னு கேக்கப் போறேன். மத்ததெல்லாம் பெறவு."